புரட்டாசிச் சனிக்கிழமையில் சிவந்த என் பெயர்

பொம்மசந்திரா,
புரட்டாசி, வியாழக்கிழமை.

மதிப்புக்குரிய சண்முகம் மாமா அவர்களின் பார்வைக்கு,

உங்கள் தங்கை மகன் பாலகுமார் பணிந்து எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலமா இல்லையா என்பது இந்தக் கடிதத்தை நீங்கள் படித்து முடித்த பிறகுதான் தெரியும்.

நேற்று போனில் நான் வாயைத் திறந்ததுமே நிறுத்திவிட்டீர்கள். "நீ ஒண்ணும் பேசாத. பேச்சு காத்துல போயிடும். எழுதி அனுப்பு, படிச்சிட்டு முடிவு பண்றேன்" என்றீர்கள். குடியாத்தம் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து ஊர் முழுக்கப் பத்திரம் எழுதியவர் நீங்கள். அதனால் எழுதுகிறேன். உங்கள் முறைப்படியே. பேனாவில். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும். எழுதியது எதையும் கிழிக்காமல். தப்பு வந்தால் குறுக்கே அடித்து, ஓரத்தில் கையெழுத்து. முடிவில் ஒரு சாட்சி. சாட்சி யார் என்பதை முடிவிலேயே சொல்கிறேன். உங்களுக்கு அவர்மேல் ஆட்சேபம் இருக்காது.

முதலில் குற்றச்சாட்டு. போன சனிக்கிழமை எங்கள் கம்பெனி கேன்டீன் டிவியில் என் பெயர் சிவப்பாக இருந்தது. சிவப்பு என்றால் கோழி. அன்று புரட்டாசிச் சனி. அந்த டிவியை யாரோ போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். யார் என்று கேட்டேன். "அது உனக்கு வேணாம்" என்றீர்கள். போட்டோவை எனக்கு அனுப்பினீர்கள். கூடவே ஒரு கேள்விக்குறி. ஒன்றே ஒன்று. மாமா, அந்தக் கேள்விக்குறியை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு கொக்கி மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொல்லிவிடப் போவதாகச் சொன்னீர்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம். எனக்கு வேலை நிரந்தரமாக வேண்டும் என்று அம்மா வேண்டிக்கொண்டது உங்களுக்குத் தெரியும். மகன் புரட்டாசி முழுக்கக் கவிச்சி தொடமாட்டான், கடைசிச் சனிக்கிழமை நான் திருமலைக்கு நடந்தே ஏறி வருகிறேன் என்று என் பெயரிலும் தன் முட்டியின் பெயரிலும் சேர்த்து வேண்டிக்கொண்டாள். மொட்டை மாடிக்கே ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்ன முட்டி அது. நான் விரதத்தை முறித்துவிட்டேன் என்று தெரிந்தால் அம்மா என்னைத் திட்டமாட்டாள். திட்டினால் பரவாயில்லை. என் தப்பையும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்வாள். செங்குத்தான படிகளை முட்டி போட்டே ஏறுகிறேன் என்பாள். அவளுடைய அந்த முட்டிகளால். ஆகவே மாமா, கடிதத்தை முழுதாகப் படிக்கும்வரை அம்மாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

இனி நிறங்களின் கதை.

எங்கள் கேன்டீனில் சனிக்கிழமை சிக்கன் பிரியாணி. ஒரு வாரம் பத்தாது, ஒரு வாரம் மிஞ்சிப்போகும். இரண்டுக்கும் சண்டை வரும். கேன்டீனைப் பார்த்துக்கொள்வது பவுலின் அம்மா. பிரேசர் டவுனில் இருந்து வருகிறார். கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். அவர் போய் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் சீனிவாசராகவன் சாரிடம் முறையிட்டார். சார் என்னைக் கூப்பிட்டார். நான் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்தவன். அந்தப் படிப்புக்குக் கம்பெனியில் ஒரே ஒரு பொருள்தான்: எக்செல் தெரிந்த பையன்.

"ஒரு லிஸ்ட் போடுப்பா. யார் யார் என்னென்ன சாப்பிடறான்னு. சைவம் பச்சை, அசைவம் சிவப்பு. டிவியில போட்டுடலாம். எல்லாம் வெளிப்படையா இருந்துட்டா சண்டையே வராது பாரு" என்றார் சார்.

மாமா, வெளிப்படை என்ற சொல்லை யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இரண்டே நிறம், ஒரே கேள்வி, அரை நாள் வேலை என்று நினைத்தேன். ஒவ்வொரு பிரிவாகப் போய்க் கேட்டேன். அப்போதுதான் தெரிந்தது, எங்கள் கம்பெனியில் அசைவம் சாப்பிடுபவர் என்று ஒருவர்கூட இல்லை. நிபந்தனையோடு சாப்பிடுபவர்கள்தான் இருக்கிறார்கள். "திங்கள் வேணாம், வியாழன் வேணாம், சங்கடஹர சதுர்த்தி வேணாம். மத்தபடி நான் பக்கா நான்வெஜ்" என்றார் ஒருவர். "குழம்பு ஊத்திக்குவேன் சார், பீஸ் மட்டும் வேணாம்" என்றார் இன்னொருவர். "முட்டை ஓகே. ஆனா முட்டைன்னு தெரியக் கூடாது." "கார்த்திகையில மாலை போடுவேன், அதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் டபுளா போட்டுக்கோங்க." "எங்க வீட்ல கேட்டா வெஜ்ஜுன்னு சொல்லுங்க, இங்க நான்வெஜ்ஜுன்னு போடுங்க." ஸ்டோரில் இருக்கும் லாயிட் கோலார் தங்கவயலில் இருந்து தினமும் ரயிலில் வருபவன். அவன் மேசைமேல் காலைப் போட்டபடி சொன்னான்: "வெள்ளிக்கிழம மீன் மட்டும் எழுதிக்கோபா. தவக்காலத்துல ஒண்ணும் வேணாம். ஈஸ்டருக்கு மறுநாள் மட்டும் என் பேருக்கு எதிர்ல நாலு பேருன்னு போடு."

எனவே ஒரு நிபந்தனை போதவில்லை. பல நிபந்தனைகள். எக்செல்லில் இதற்கு ஒரு வசதி உண்டு. நிபந்தனை பொருந்தினால் கட்டம் தானே நிறம் மாறும். ஆனால் யாராவது ஒரு வரியை நகல் எடுத்து வேறிடத்தில் ஒட்டினால் விதிகளும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கொஞ்ச நாளில் தாளில் பெயர்களைவிட விதிகள் அதிகமாகிவிடும். அதனால் மேக்ரோ எழுதினேன். மேக்ரோ என்பது நமக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரே செய்துகொள்ளும்படி எழுதிவைக்கும் கட்டளை. தினமும் காலையில் அது எல்லா நிறத்தையும் துடைத்துவிடும். பிறகு ஒவ்வொரு பெயராகப் போய் என் கேள்விகளைக் கேட்டு, பதிலுக்கு ஏற்ற நிறத்தைப் பூசும்.

கேள்விகளுக்கு வரிசை முக்கியம். திருமலையில் தரிசன வரிசை பிரியும் இடத்தில் ஆட்கள் நிற்பார்கள் அல்லவா, அதைப் போல. முதல் ஆள் டிக்கெட் இருக்கிறதா என்று கேட்பார். இருந்தால் அந்தக் கம்பி வழியாக அனுப்பிவிடுவார். இல்லாதவர் மட்டும்தான் அடுத்த ஆளிடம் போவார். முதல் ஆளே உள்ளே விட்டுவிட்டால் இரண்டாம் ஆளின் கேள்வி அவர் வாயிலேயே நின்றுவிடும். என் மேக்ரோவும் அப்படித்தான். முதலில் பொருந்திய விதியோடு முடிந்தது. மீதிக் கேள்விகளை அது கேட்பதே இல்லை.

ஆவணி மாதத்தில் முதல் தடவை ஓடவிட்டேன். ஒரு தப்பு. ‘அசைவம் சாப்பிடுபவர், இன்று விரதமும் இல்லாதவர்’ என்றால் சிவப்பு என்று எழுத வேண்டும். நான் ‘அசைவம் சாப்பிடுபவரோ, இன்று விரதம் இல்லாதவரோ’ என்று எழுதிவிட்டேன். உங்களுக்கு இது சட்டென்று புரியும். அண்ணனும் தம்பியும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் கிரயம் செல்லும் என்பதற்கும், அண்ணனோ தம்பியோ ஒருவர் போட்டாலே செல்லும் என்பதற்கும் எவ்வளவு தூரம். ஒரு வீடே போய்விடும். இங்கே சீனிவாசராகவன் சார் போனார். வெங்காயம்கூடச் சேர்க்காத மனிதர். அவருக்கு அன்று விரதம் எதுவும் இல்லை. விரதம் இருக்க வேண்டிய தேவையே அவருக்கு இல்லை. விரதம் இல்லாதவர். ஆகவே சிவப்பு. கேன்டீன் வாசலில் தன் பெயருக்கு எதிரே நின்று, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். "ஏம்ப்பா பாலகுமார், நான் உனக்கு என்ன பண்ணினேன்?" என்றார். குரல் உயரவே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

திருத்தினேன். பயத்தில் அதிகமாகத் திருத்திவிட்டேன். எல்லா நிபந்தனையும் ஒன்றாகப் பொருந்தினால்தான் சிவப்பு என்று ஆக்கிவிட்டேன். இன்று சனிக்கிழமையாகவும் இருக்க வேண்டும், வெள்ளிக்கிழமையாகவும் இருக்க வேண்டும் என்பது போல. யாருக்கும் பொருந்தவில்லை. டிவி முழுக்கப் பச்சை. வயல் மாதிரி. பவுலின் அம்மா டிவியை நம்பிக் கோழியே வாங்கவில்லை. இரும்பைக் காய்ச்சி அடிக்கும் பிரிவில் இருந்து ஆட்கள் வியர்வையோடு வந்து எலுமிச்சை சாதத்தைப் பார்த்தார்கள். லாயிட்தான் பேசினான். "ஓய் பாலா. கோலார்ல தங்கம் தீந்துச்சு, பொறுத்துக்கினோம். பிரியாணி தீந்தா பொறுத்துக்க மாட்டோம்." அன்று நான் பின்வாசல் வழியாக ரூமுக்குப் போனேன்.

மூன்றாவது முறை சரியாக வந்தது. வந்த பிறகு பவுலின் அம்மா ஒரு சந்தேகம் கேட்டார். "விரதம்னு பேரு குடுத்திட்டு, வாசனை வந்ததும் வந்து சிக்கன் லைன்ல நிக்கிறாங்க மேன். அவங்களுக்கு இன்னா கலரு?" நல்ல கேள்வி. அதற்காக எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி வைத்தேன். சிக்கன் கவுண்டரில் யாருடைய கம்பெனி அடையாள அட்டை தேய்க்கப்பட்டதோ அவர் பெயர் உடனே சிவப்பு. அவர் என்ன சொல்லியிருந்தாலும் சரி, என்ன மாதமாக இருந்தாலும் சரி. முதல் விதி. அதோடு முடிந்தது. மனிதர்கள் சொல்வதை நம்பாமல், செய்வதை மட்டும் நம்பும் விதி. எழுதி முடித்ததும் எனக்கு என்மேல் ஒரு மரியாதையே வந்தது.

அந்த விதிதான் மாமா இப்போது என்னைக் கடித்திருக்கிறது.

இங்கே சனிக்கிழமைகளில் நான் எப்படி இருக்கிறேன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நான் கேன்டீன் பக்கமே போவதில்லை. அந்த வாசனை என்னால் தாங்கக் கூடியதல்ல. வெறுப்பால் அல்ல. வேறு காரணத்தால். உண்மையை மறைக்க விரும்பவில்லை. அதனால் மாடியில் ஆபீஸிலேயே ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். எனக்கான விரதத் தட்டை வாங்கிவருவது உங்கள் மகன் உத்தமன். வாழைப்பழம், பொரி, ஒரு டம்ளர் மோர். புரட்டாசி பிறந்த முதல் சனிக்கிழமையே அவனாகக் கேட்டான். "உன் கார்டக் குடுடா, நான் வாங்கியாந்துடறேன். நீ எதுக்கு அந்த வாசனையில வந்து நிக்கிற?" மாமா, அவனும் விரதம்தான். அவனும் என்னைப் போல மனிதன்தான். உலைக்கு முன்னால் நின்று வேலை செய்கிறவன். எனக்காக அந்த வாசனைக்குள் தனியாகப் போய்வருகிறான்.

ஒரு அட்டைக்கு ஒரு தட்டுதான். பவுலின் அம்மா இதில் கறார். அவன் இரண்டு அட்டையோடு போவான். ஒரே ஒரு பழத்தட்டோடு வருவான். "உன் தட்டு எங்கடா?" என்று கேட்டால், "நான் அங்கயே முடிச்சிட்டேன்" என்பான். ஒரு பழத்தை எடுத்துக்கொள் என்று நீட்டினால் வாங்கமாட்டான். "வயிறு ஃபுல்லுடா மச்சான்." மோருக்கும் பொரிக்கும் வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்ல ஒரு மனம் வேண்டும். அது உங்கள் வளர்ப்பு. சுத்தமும் அப்படித்தான். பழம் சாப்பிட்ட கைக்கே சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவுவான். ஒருமுறை அல்ல, இரண்டு முறை. பிறகு வாயில் கொஞ்சம் சோம்பு. நான் அவனைப் பார்த்து வெட்கப்பட்டிருக்கிறேன்.

போன சனிக்கிழமையும் அப்படித்தான் நடந்தது. திங்கட்கிழமை காலை நான் நுழையும்போதே லாயிட் கும்பிட்டான். "வாங்க சாமி. சனிக்கிழம டிவில ரெட்ல சூப்பரா இருந்தீங்க." விளையாட்டு என்று நினைத்தேன். அன்று மாலையே உங்கள் கேள்விக்குறி வந்தது.

அன்றிலிருந்து நான் யாரையும் நம்பவில்லை.

முதலில் லாயிட்டைச் சந்தேகப்பட்டேன். முதலில் சிரித்தவன் அவன். அவனிடம் உங்கள் நம்பர் எப்படி வந்திருக்கும் என்று யோசித்தேன். தெரியவில்லை. தெரியாதது சந்தேகத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது. நேராகக் கேட்டேன். "உங்க மாமாவுக்கு போட்டோ அனுப்பி எனக்கு இன்னாபா கெடைக்கும்? அந்த நேரத்துக்கு நான் இன்னொரு பீஸு வாங்கியிருப்பேன்" என்றான். பதிலில் ஒரு நியாயம் இருந்தது. நியாயமாகப் பேசுகிறவர்களைத்தான் கவனிக்க வேண்டும்.

அடுத்து சீனிவாசராகவன் சார். அவருக்குக் காரணம் இருக்கிறது. அவரை நான் சிவப்பாக்கினேன். பதிலுக்கு அவர் என்னைச் சிவப்பாக்கியிருக்கலாம். அவருடைய கம்ப்யூட்டரில் மேக்ரோவின் நகல் இருக்கிறது. அதைக் கேட்டதும் அவர் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். "எனக்கு அதைத் திறக்கக்கூடத் தெரியாதுப்பா" என்றார். நான் நம்பவில்லை. திறந்து காட்டச் சொன்னேன். காட்டினார். அவருக்கு உண்மையிலேயே திறக்கத் தெரியவில்லை. கால்குலேட்டர் வந்தது.

கடைசியாகப் பவுலின் அம்மா. அட்டை தேய்க்கும் இயந்திரத்தில் கோளாறு இருக்க வேண்டும் என்றேன். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சும்னே டவுட் பண்ணாத மேன். மெஷினு பொய் சொல்லாது, நானும் சொல்ல மாட்டேன். உன் கார்டுக்கு பிரியாணி போயிருக்கு. லெக் பீஸு." "நீங்கள் என்னைப் பார்த்தீர்களா?" என்றேன். "நான் எங்க மூஞ்சியப் பாக்கறது? அன்னிக்கு இருக்கற கூட்டத்துல தட்டப் பாக்கவே நேரம் இல்ல" என்றார். பார்க்கவில்லையாம். ஆனால் கால் துண்டு என்பது மட்டும் நினைவிருக்கிறதாம். இதுவும் சந்தேகத்துக்கு இடமானது.

மேக்ரோவை வரிவரியாகச் சோதித்தேன். என் பெயரை வைத்தே எல்லா நிபந்தனையையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அசைவம், விரதம் உண்டு, புரட்டாசி, சனிக்கிழமை. பச்சை. விரதத்தை எடுத்தேன். சிவப்பு. திரும்ப வைத்தேன். பச்சை. இயந்திரத்தில் என் அட்டையைத் தேய்த்துப் பார்த்தேன். என் பெயரைத்தான் காட்டியது. அப்படியானால் மேக்ரோ சரி. இயந்திரம் சரி. அட்டை சரி. நானும் சரி. எல்லாம் சரியாக இருக்கும்போது என் பெயர் மட்டும் சிவப்பு. இதைத்தான் மாமா சதி என்கிறோம்.

என் பக்கத்து ஆதாரங்களையும் எழுதிவிடுகிறேன். ஒன்று, பிரியாணி போட்ட நேரத்தில் என் அட்டையே என்னிடம் இல்லை. உத்தமனிடம் இருந்தது. உத்தமனைக் கேட்டுக்கொள்ளலாம். இன்னொன்று, என் அட்டைக்குக் கோழி போயிருந்தால் எனக்குப் பழத்தட்டு எப்படிக் கிடைத்திருக்கும்? ஒரு அட்டைக்கு ஒரு தட்டுதானே? இதைவிடப் பெரிய ஆதாரம் என்ன வேண்டும்?

நீங்கள் அனுப்பிய போட்டோவையும் பெரிதாக்கிப் பார்த்தேன். எடுத்தவருக்கு எடுக்கத் தெரியவில்லை. நானும் உத்தமனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்பதால் டிவியில் எங்கள் பெயர்கள் அடுத்தடுத்து வரும். போட்டோவின் நட்டநடுவில் உத்தமன் இருக்கிறான். பச்சையாக. தெளிவாக. எழுத்து எழுத்தாக. அதற்குக் கீழே, ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு நான். தலை மட்டும் தெரிகிற சிவப்பு. என்னைக் காட்டிக்கொடுக்க நினைத்தவன் என்னையல்லவா நடுவில் வைத்திருக்க வேண்டும்? எதிரிக்கும் ஒரு தரம் வேண்டாமா? இதில் ஏதோ இருக்கிறது. என்ன என்று மட்டும் பிடிபடவில்லை.

கடைசியில், சொல்லக் கூச்சமாக இருக்கிறது, என்னையே சந்தேகப்பட ஆரம்பித்தேன். மனிதனுக்குத் தன்னைப் பற்றி எவ்வளவு தெரியும்? ஒருவேளை நான் இறங்கிப் போயிருப்பேனோ? வாசனை இழுத்துப் போக, சாப்பிட்டுவிட்டு, பிறகு மனம் அதை அழித்துவிட்டதோ? கையை முகர்ந்து பார்த்தேன். பேனா மை வாசனை. ஒருநாள் கனவில் ஒரு எலும்பு வந்தது. அதை உங்களுக்குச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. எழுதிவிட்டேன். கிழிக்க முடியாது.

மாமா, இனிமே எனக்கு எழுத்து நடையெல்லாம் வரல. சத்தியமா சொல்றேன், நான் சாப்பிடல. ஆசைப்பட்டேன், சாப்பிடல. ஆசைக்கு என் மேக்ரோவில் நிறம் கிடையாது. அம்மாவிடம் சொல்லாதீர்கள். அந்தப் படிகளை நினைத்தால் எனக்கு இங்கே மூச்சு வாங்குகிறது.

சாட்சி யார் என்று சொல்வதாக எழுதியிருந்தேன். உத்தமன்தான். என்னோடு ஒரே ரூமில் இருப்பவன், என் அட்டையைக் கையில் வைத்திருந்தவன், சம்பவ இடத்தில் நின்றவன். அவனைவிட நடந்ததை அறிந்தவர் யாரும் இல்லை. ஷிப்ட் முடிந்து இப்போது வந்துவிடுவான். அவனிடம் கையெழுத்து வாங்கி நாளைக் காலையே அனுப்பிவிடுகிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். அத்தையின் சுண்டைக்காய் வற்றலை நினைத்துத்தான் இந்த மாதத்தை ஓட்டுகிறேன். உங்கள் ஆசி எனக்கு எப்போதும் வேண்டும். பெருமாள் நம் எல்லோரையும் எந்த நிபந்தனையும் போடாமல் காக்கட்டும்.

உங்கள் கீழ்ப்படிந்த மருமகன்,
பாலகுமார்

பின்குறிப்பு, வெள்ளிக்கிழமை:

நேற்று இரவு உத்தமன் வந்தான். கடிதத்தைக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தான். மோர் வரும் இடத்தில் கட்டிலில் உட்கார்ந்தான். சோம்பு வரும் இடத்தில் தலையைக் குனிந்துகொண்டான். படித்து முடித்து, "நல்லா எழுதிருக்கடா" என்றான். பேனாவை வாங்கினான். கையெழுத்துப் போடவில்லை.

பேனா மூடியைத் திருகிக்கொண்டே கேட்டான். "அந்த போட்டோல அப்பா என் வரியப் பாத்தாராமா?"

"பார்க்காமல் இருப்பாரா? நடுவில் இருக்கிறாயே" என்றேன்.

"தெனமும் போன் பண்ணி விரதம் இருக்கியா இருக்கியான்னு ஒரே கேள்விடா. அதான், இருக்கேன் பாருங்கன்னு டிவிய எடுத்து அனுப்பிட்டேன். கீழ உன் பேரும் வந்து மாட்டும்னு நெனச்சே பாக்கல" என்றான்.

நான் அவனுடைய கையைப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் தீப்பொறி பட்ட தழும்பு. அதன்பிறகு நாங்கள் வெகுநேரம் பேசினோம். என்ன பேசினோம் என்பது இந்தப் பத்திரத்தில் சேராது.

மாமா, மேலே எழுதிய அனைத்தையும் அடித்துவிட்டேன். ஒவ்வொரு தாளிலும் குறுக்குக்கோடு இருக்கிறது. ஓரத்தில் என் கையெழுத்து இருக்கிறது. கோட்டுக்கு அடியில் எழுத்து தெரியத்தான் செய்யும். நீங்கள் படிக்காததாகக் கொள்ள வேண்டும். கோழி சாப்பிட்டது நான்தான். கால் துண்டு. பவுலின் அம்மா சொன்னது சரி. லாயிட்டிடமும் சீனிவாசராகவன் சாரிடமும் மன்னிப்புக் கேட்டாயிற்று. சார் மறுபடியும் தண்ணீர் கொடுத்தார்.

அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுங்கள். சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: தப்பு செய்தவன்தான் படி ஏற வேண்டும். அம்மா பஸ்ஸில் மேலே வந்து உட்கார்ந்திருக்கட்டும். கடைசிச் சனிக்கிழமை நான் அடிவாரத்தில் இருந்து நடந்து ஏறி வருகிறேன். செங்குத்தான இடத்தில் முட்டி போட்டு. எனக்குத் துணையாக உத்தமனும் முட்டி போட்டு வருகிறான். இரண்டு பேருக்கும் மொட்டை. அவனுக்கு எதற்கு மொட்டை என்று நீங்கள் கேட்பீர்கள். அவனாகவே முன்வந்தான். நான் கொஞ்சம் கழுத்தைப் பிடித்தேன், அவ்வளவுதான்.

உங்கள் மகனின் விரதத்தைப் பற்றி இனி உங்களுக்குக் கவலை வேண்டாம். மீதிச் சனிக்கிழமைகளில் என் அட்டை என் கழுத்திலேயே இருக்கும். உத்தமன் பச்சையாகத்தான் இருப்பான். அவனுக்கு வேறு வழி இல்லை.

எழுதிக் கொடுப்பவர்: பாலகுமார்

சாட்சி: ச. உத்தமன். படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டது.

அடித்தல் திருத்தல் விவரம்: எழுதிக் கொடுப்பவர் என்ற இடத்தில் சாட்சி முதலில் போட்டுவிட்ட கையெழுத்து அடிக்கப்பட்டது.